நாலாம் கியர் மாப்பிள்ளை

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சத்தியம். கற்பூரம் கைவசம் இல்லை. இருந்திருந்தால் அடித்தே காட்டியிருக்கலாம்.

மலை உச்சியில், இன்ஜின் அணைந்த வண்டியின்மேல் அவர் உட்கார்ந்திருந்தார்.

வயது அறுபத்தேழு. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. முன்கூடையில் இரண்டு ரோஜா மாலைகள்.

பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

மணி பத்து நாற்பது.

கீழே தானா ராத்தாவில், கல்யாணம் பதிகிற அலுவலக வாசலில், மகேஸ்வரி நிற்பாள். ஏற்கெனவே இரண்டு தேதி வைத்து, இரண்டுக்கும் இவர் பிந்திவிட்டார். இந்த முறை அவள் கறாராகச் சொல்லியிருந்தாள். பதினோரு மணிக்குள் இவர் வர வேண்டும். இல்லையென்றால் ஈப்போ பஸ் வரும், அவள் ஏறிவிடுவாள்.

அவருடையது காப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள். கையில் பிடிக்கக் கிளச் கிடையாது. கியர் மிதியைக் காலால் அழுத்திக்கொண்டிருந்தால் சக்கரம் சும்மா உருளும். காலை எடுத்தால் இன்ஜின் வந்து பிடித்துக்கொள்ளும். அணைந்த இன்ஜினும் பிடிக்கும். அதற்குத் தூக்கத்திலும் ரோஷம் உண்டு.

நாலாம் கியர் போட்டார். மிதியை அழுத்தினார். மலை மற்றதைப் பார்த்துக்கொண்டது.

முதல் வளைவில் தேயிலை பறிக்கும் பெண்கள் கையசைத்தார்கள். அவருக்கு அவ்வளவு நேரமில்லை. ஒற்றை விரலை அசைத்தார்.

இரண்டாம் வளைவில் ஒரு முட்டைக்கோஸ் லாரியை முந்தினார். ஹாரன் வேலை செய்யவில்லை. வாயால் அடித்தார்.

மூன்றாம் வளைவில் பிரேக் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

மிதியிலிருந்து காலை எடுத்தார்.

இன்ஜின் முனகிக்கொண்டே எழுந்து பின்சக்கரத்தைப் பிடித்தது. கியரை இறக்கினார். மூன்று. இரண்டு. ஒன்று. எதிரே ஒரு கோழி சாவகாசமாகச் சாலையைக் கடந்து முடித்தது.

டவுனுக்கு முன்னால் ஒரு ஏற்றம். நல்ல ஏற்றம்.

மூன்றாம் வளைவிலிருந்து சுற்றிய இன்ஜினுக்குள் கொஞ்சம் வேகம் மிச்சம் இருந்தது. அதுவே, ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல், வண்டியை உச்சிவரை இழுத்துக்கொண்டு போனது. அவர் உட்கார்ந்திருந்ததோடு சரி.

மணி பத்து ஐம்பத்தெட்டு.

பஸ் நின்றுகொண்டிருந்தது. மகேஸ்வரியின் ஒரு கால் படியில்.

சொன்னார். கை காட்டி, கால் காட்டி, கோழி உட்பட எல்லாவற்றையும் சொன்னார். பஸ் டிரைவரே இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டார்.

“ஏத்தத்துலயும் உக்காந்தேதான் வந்தீங்களா?” என்றாள் மகேஸ்வரி.

அவள் அவருடைய சட்டையைப் பார்த்தாள். பிழிந்தால் ஒரு வாளி தேறும்.

“மலையில பனி, மகேஸ்.”

“இந்த வெயில்லயா?”

அவள் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் படியிலிருந்த கால் கீழே வந்துவிட்டது. பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது.

மாலையை எடுக்கக் கூடைக்குள் கைவிட்டாள். கொஞ்சம் தூக்கினாள். எதையோ பார்த்தாள். பூ நசுங்காமல், இருந்தபடியே திரும்ப வைத்தாள்.

“வாங்க மாப்பிள்ளை. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால கைய கழுவுங்க. கறுப்பா இருக்கு.”

மாலைகளுக்கு அடியில், பழைய பேப்பரில் சுற்றி, இன்ஜினையும் பின்சக்கரத்தையும் இணைக்கிற செயின் கிடந்தது. மலை உச்சியிலேயே அறுந்தது.