மூன்று மணி வரை

"மக்கா, எங்க யூனிட்டெல்லாம் அப்படியே கெடக்கா?"

ததேயுஸ் இன்றைக்கும் வந்ததும் இதையேதான் கேட்டார். ஜினி கணினியில் அவர் கணக்கைத் திறந்து பார்த்து, அப்படியேதான் இருக்கிறது என்றாள்.

நாகர்கோவிலில் அந்த மியூச்சுவல் ஃபண்ட் அலுவலகத்தில் சேர்ந்த நாள்முதல் அவள் இப்படி ஓர் ஆளைப் பார்த்ததில்லை. முட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருவார். எதுவும் வாங்குவதில்லை, விற்பதுமில்லை. வாசலோரம் உட்கார்ந்து உள்ளே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பார். மூன்று மணி ஆனதும் எழுந்து போய்விடுவார்.

அந்த மூன்று மணிதான் அவளை உறுத்தியது. விற்பனை விண்ணப்பத்தை அதற்குள் ஏற்றினால்தான் அன்றைய விலை. பிறகு சாஃப்ட்வேர் அன்றைய பதிவுகளைப் பூட்டிவிடும். எதையும் திரும்ப எடுக்க முடியாது. கவுண்டரும் மூடிவிடும். முதல் நாளே அவர் இதையெல்லாம் துருவித் துருவிக் கேட்டிருந்தார். கணக்கு அவர் பெயரிலும் மனைவி லீமா பெயரிலும் இருந்தது. இருவரில் ஒருவர் கையெழுத்தே போதுமா என்றும் கேட்டார்; போதும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

மனைவிக்குத் தெரியாமல் விற்கத்தான் மனுஷன் நேரம் பார்க்கிறார் என்று ஜினி முடிவுகட்டினாள். மனசு கேட்காமல், மதியம் லீமாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் லீமா அழத் தொடங்கினாள். மகள் பெபிஷாவின் நர்ஸிங் படிப்புக்குச் சேர்த்த பணம் அது, இப்போதே வந்து எடுத்துவிடுகிறேன், ஆனால் அவர் அங்கே இருந்தால் விடமாட்டார் என்றாள் லீமா.

ஜினி மேனேஜர் ஆன்ட்ரூஸிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் ததேயுஸை மாடிக்கு அழைத்துப்போய் விசாரிக்கத் தொடங்கினார். ததேயுஸ் தலையைக் குனிந்துகொண்டு, எதற்கும் வாய் திறக்கவில்லை.

கீழே லீமா ஆட்டோவில் வந்து இறங்கினாள். எல்லா யூனிட்டையும் விற்கக் கையெழுத்துப் போட்டாள். ஜினி மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு விண்ணப்பத்தை அவசரமாக ஏற்றினாள். மூன்றுக்குள் பதிவாகிவிட்டது. லீமா அவள் கையைப் பிடித்து, நல்லா இருப்பாய் என்று வாழ்த்திவிட்டு வேகமாகப் போனாள்.

மூன்று மணி கழிந்ததும் ததேயுஸ் இறங்கி வந்தார். ஜினி எதிர்பார்த்த கோபம் அவர் முகத்தில் இல்லை. நிம்மதிதான் இருந்தது.

"மூணு ஆயிட்டுல்லா மக்கா, இனி நாளைக்குப் பாத்தா போதும்," என்றார். பிறகு யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேல அந்த சாருட்ட சொல்ல நாணமாட்டு இருந்துது. லண்டன்லேந்து பார்சல் அனுப்புறேன்னு எவனோ ஒருத்தன் போன்ல பேசி லீமாவ மயக்கி வச்சிருக்கான். நகையெல்லாம் போச்சு. இதயும் வித்து அவனுக்கு அனுப்பணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. அவ இங்க ஏறிராம இருக்கத்தான் நான் தெனமும் வாசல்ல காவல் கெடக்கேன்."