மூச்சில் பூத்தது

பூ என்றுதான் முதலில் நினைத்தாள்.

நீலச் சாயத்தில் தனியாக நிற்கிற ஒரு பூ. மெல்லிய தண்டு. மேலே உருண்டைத் தலை. அதைச் சுற்றிச் சரம் சரமாக, மணி மணியாக ஏதோ. எந்தப் பூக்காரியாலும் இவ்வளவு நெருக்கமாகக் கட்ட முடியாது.

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

தம்பியின் நுரையீரலுக்குள் குழாய் விட்டு எடுத்த நீரில் வளர்ந்தது அது.

நோயாளியின் வீட்டார் வழக்கமாக ரிப்போர்ட்டைக் கேட்பார்கள். இவள் பூஞ்சையையே பார்க்க வேண்டும் என்றாள். எமனை நேரில் காட்டு என்று வந்து நிற்பவளை என்ன செய்வது? லேப் டாக்டர் மெஹருன்னிசா ஒரு கணம் யோசித்தார். பிறகு எழுந்து தன் ஸ்டூலைக் கொடுத்துவிட்டார்.

"வெட்டிவேர்த் தட்டியிலருந்துதான வந்துச்சு டாக்டர்?"

வெயில் தாங்கமாட்டான் என்று தம்பியின் ஜன்னலில் தட்டி கட்டியவள் அவள்தான். வேளை தவறாமல் தண்ணீர் தெளித்தாள். அறையே மணத்தது. வேருக்குள் ஈரம் காயவே இல்லை.

"இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். காத்து பூரா இதோட வித்துதான். நீங்க, நான், எல்லாரும் தெனம் இழுத்துக்கிட்டுதான் இருக்கோம். ஒடம்பு சத்தமில்லாம கூட்டித் தள்ளிடுது."

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

இத்தனை வருடமும். பஸ்ஸில், கல்யாண வீட்டில், தூக்கத்தில். உள்ளே யாரோ ஒருவர் ஓயாமல் வாசல் பெருக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். அவரை அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

தம்பியின் உடம்பில் அந்த ஆளைத்தான் தூங்க வைத்திருந்தார்கள்.

அவள் கொடுத்த சிறுநீரகத்துக்காக. விழித்திருந்தால் அந்நியம் என்று அதையும் சேர்த்துக் கூட்டித் தள்ளிவிடுவாராம். அதற்கென்று ஒரு வெள்ளை மாத்திரை. சிறுநீரகமும் சமர்த்தாக வேலை பார்த்தது.

ஆள் தூங்குகிற நேரம் பார்த்து இது பூத்துவிட்டது.

இனிப் பூஞ்சைக்கான மருந்து மட்டும் போதாது, அந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டும் என்று பெரிய டாக்டர் காலையில் சொன்னார். நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடலாம். நிறுத்தாவிட்டால் தம்பி.

அவன்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "அக்கா குடுத்தது டாக்டர். அது போறதுக்குப் பதிலா நான் போயிடறேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் இன்னொரு முறை குனிந்து பார்த்தாள்.

அதற்கு யார்மேலும் கோபம் இல்லை. ஈரம் கிடைத்தது. இடம் கிடைத்தது. பூத்திருக்கிறது. இவ்வளவு அழகாக இருக்க வேண்டும் என்று அதற்கு யார் சொன்னார்கள்? எழுந்து, சன்னிதியில் திரை விலகும்போது நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பயந்துகொண்டுதான் வந்திருந்தாள். அந்தப் பயம் எப்போது போனது என்று தெரியவில்லை.

வார்டில் தம்பி செந்தூரன் கண்ணை மூடிக் கிடந்தான். மலைப்படி ஏறுகிறவனைப் போல ஒவ்வொரு மூச்சையும் வாங்கினான். கை வழக்கம்போல வலப்பக்க அடிவயிற்றில் இருந்தது. அங்கேதான் அதை வைத்துத் தைத்திருந்தார்கள். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து அவன் அப்படித்தான் படுக்கிறான்.

அந்தக் கையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

தன் கையை அங்கே வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

அவர்கள் வீட்டில் யாரையும் 'போ' என்று சொல்லி அனுப்புவதில்லை.

"போயிட்டு வா," என்றாள்.

அவன் கண்ணைத் திறந்தான். "எங்கக்கா போகச் சொல்ற?"

அவள் பிள்ளையைத் தட்டுவதுபோல வயிற்றின் மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் தன்னிடம் பேசவில்லை என்பது அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

பெரிய டாக்டர் வந்தபோது சரியென்று தலையை மட்டும் ஆட்டினான்.

மாலையில் மாத்திரைக் கிண்ணம் வந்தது. வெள்ளை மாத்திரை அதில் இல்லை.

அவன் பார்த்தான். மற்றவற்றை விழுங்கிவிட்டு, கையைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டான், அவள் கையின் மேல்.