உறுப்பினர் வீட்டு உப்பளம்

குலுக்கலில் பெயர் விழுந்து மக்கள் பேரவைக்குப் போன மருமகள் பெனிட்டா, ஏறிவரும் கடல் ஊருக்குள் புகாதிருக்கக் கரையோர உப்பளங்களை எல்லாம் கடலுக்கே விட்டுவிட வேண்டும் என்று கை தூக்கிவிட்டு வந்த நாளிலிருந்து அருமைநாயகம் அவளோடு பேசவில்லை. பேரவை சொன்னதே நாட்டின் சட்டம் என்று ஆகிவிட்ட காலம். தூத்துக்குடியில் அவர் குடும்பத்துக்குத் தலைமுறைகளாகச் சோறு போட்ட அளமும் அதோடு போகிறது.

"கடல் ஏறி ஊரையே முழுங்கினா அளம் மட்டும் நிக்குமா மாமா?" என்று அவள் கேட்டபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று காலை அதிகாரி ஒருவர் சிரித்தபடி வந்தார். "அண்ணாச்சி, கவலைய விடுங்க. பேரவை உறுப்பினர் வீட்டு அளத்துக்கு அமைச்சகம் விலக்கு குடுத்திருக்கு. மத்தவங்க அளத்துக் கரைய மட்டும்தான் உடைக்கப்போறோம்."

பெனிட்டா பதறி எழுந்தாள். "நான் கேக்கவே இல்ல மாமா!"

"நீ கேக்கமாட்டேன்னு எனக்குத் தெரியாதாக்கும்? சும்மா இரு." கிழவர் அதிகாரியிடம் திரும்பினார். "ஓய், பக்கத்து அளத்துச் சூசை தெருவுல நிப்பான், நான் உப்பு அள்ளிக்கிட்டிருக்கணுமா? தன் வீட்டு அளத்தக் காப்பாத்திக்கிட்டு அடுத்தவன் வயித்துல அடிச்சவன்னு எங்க வீட்டுப் பிள்ளைய ஊரு பேசணுமா? எங்களுக்குச் சலுகை குடுக்க நீரு யாருவே?"

மண்வெட்டியோடு நேரே அளத்துக்குப் போனார். கடல் பக்கத்துக் கரையை அவர் வெட்ட வெட்ட, தண்ணீர் பாத்திகளுக்குள் பாய்ந்தது. பின்னாலேயே ஓடிவந்த பெனிட்டாவிடம் மண்வெட்டியை நீட்டினார்.

"இப்பவும் சொல்லுதேன், நீ கை தூக்குனது தப்புதான். தூக்குன பொறவு நம்ம அளம்தான் முதல்ல போகணும். இந்தா, மீதிய நீ வெட்டு."