மூன்றாவது டிரைவ்

சுத்தியலின் முதல் அடி மேஜை மேலிருந்த ஹார்டு டிரைவில் விழுந்தது. இரண்டாவது அடி ஃபராஸின் சுண்டுவிரலில். வந்தவன் இன்னும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கேமராவுக்குப் பயப்படுகிறான் என்று ஃபராஸ் நினைத்தான்.

வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆவுக்காக அந்த தி.நகர் ஸ்டுடியோவில் மதியத்தோடு வேலை முடிந்துவிடும். பசங்களை அனுப்பிவிட்டு, தொழுகை முடித்து ஃபராஸ் தனியாக வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து இந்தப் பாவி உள்ளே நுழைந்திருந்தான்.

"நேத்து விடிகாலைல பாலவாக்கம் பீச்சுல டிரோன் வுட்டது நீங்கதான?"

"கல்யாண ஜோடி ஷூட்டிங் சார். உங்களுக்கு யாரு சொன்னா?"

மாப்பிள்ளை வீட்டையும் ஸ்டுடியோ ஆட்களையும் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் அது. பதிலுக்கு வயிற்றில் உதைதான் கிடைத்தது. வந்தவனின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுக்காமல் கட் செய்தான்.

"படகுக்குப் பின்னால இன்னா கீதுன்னு பாத்தியா?"

"அல்லா மேல சத்தியமா இல்ல. ரெண்டு டெராபைட் சார்! நெட்ல ஏத்துனா நாலு நாளு ஆவும். அதான் டிரைவ்ல காப்பி மட்டும் போட்டு வெச்சோம். இன்னும் யாரும் தொறந்துகூட பாக்கல."

பாலவாக்கத்தில் படகோரம் ஒருவன் குத்துப்பட்டுச் செத்த செய்தியைக் காலையில் பேப்பரில் படித்தது ஃபராஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இன்னொரு காப்பி எங்கடா?"

ஃபராஸ் அலமாரியைக் காட்டினான். சோப்புக்கட்டி அளவு டிரைவ், நாலே அடியில் தூளானது.

"அவ்ளோதானா?"

ஃபராஸ் கொஞ்சம் தயங்கிவிட்டான். மணிக்கட்டில் எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

"இன்னொண்ணு கீது சார்! ஸ்டுடியோவே எரிஞ்சாலும் தப்பிக்கணும்னு, மூணாவது எப்பவும் வெளியதான் இருக்கும். வேல பாக்குற மூணு பேர்ல ஒருத்தர் வூட்டுக்கு எடுத்துக்கினு போவாங்க. வாரத்துக்கு ஒருத்தர்."

ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது.

"இந்த வாரம் யாரு?" சுத்தியலை மெல்ல இறக்கியபடி கேட்டான்.

ஃபராஸ் ரத்தத்தைத் துப்பினான். "சொல்ல மாட்டேன். நீ கொன்னுடுவ."

"யாருடா? பேரச் சொல்லுடா!"

மூக்கு உடைந்தது. இரண்டு பல் போயிற்று. கரப்பான்பூச்சியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறுகிறவனுக்கு அன்று அத்தனை தைரியம் எங்கிருந்துதான் வந்ததோ, வாயைத் திறக்கவே இல்லை. தன்னை நம்பி வேலைக்கு வந்த பிள்ளையைக் கொலைகாரனிடம் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

வந்தவனின் போன் மறுபடி அடித்தது. கட் செய்தான். திரும்பவும் அடித்தது. இந்த முறை பேரைப் பார்த்தவன், ஹெல்மெட்டோடு காதில் வைக்க முடியாமல் ஸ்பீக்கரைத் தட்டினான்.

முதலில் விசும்பல்தான் கேட்டது. அது யாருடையது என்று ஃபராஸுக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்த வாரம் டிரைவை எடுத்துப்போன அமுலு.

"நைனா... படகுக்குப் பின்னால கத்தியோட கீறது நீயா?"