சீட்டை விட்டு எழாதவன்

கணினியைக் கையால் தொடுபவன் கணினி நிர்வாகியே அல்ல. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லா மென்பொருளும் அடங்கிய ஒரே சிஸ்டம் இமேஜை நெட்வொர்க் வழியே அனுப்பி, இருநூறு கணினிகளுக்கும் மறுபிறவி கொடுப்பவனே நிர்வாகி. அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அவனுக்கு மத்தியானம் வரை இதில் சந்தேகமே இல்லை. பென்டிரைவோடு கணினி கணினியாகப் போகும் சீனியர் அக்காவைத் 'தபால்காரம்மா' என்றுகூடக் கூப்பிட்டான். அனுப்பிய இமேஜில் கணினியை நெட்வொர்க்கோடு இணைக்கும் டிரைவர் மென்பொருளைச் சேர்க்கத்தான் மறந்துவிட்டான். இப்போது அத்தனை கணினிகளும் பச்சை விளக்கைச் சிமிட்டியபடி, அவன் சொல்வது எதுவும் காதில் விழாமல் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் கையால் டிரைவரை ஏற்றி அவற்றைப் பேச வைக்காமல் அவன் கிளம்ப முடியாது. ஜன்னலில்லாத அறையில் விசிறிகள் இரைகின்றன. ஏசிக் குளிர் சட்டைக்குள் இறங்குகிறது. கைபேசியில் மனைவி, "ரயிலுக்கு நேரமாச்சு, கிளம்பிட்டீங்களா?" என்கிறாள். "சீட்டை விட்டு எந்திரிச்சிட்டேன்மா" என்கிறான். கதவருகே அக்கா பென்டிரைவை நீட்டுகிறாள். "தபால் நிறைய இருக்கு தம்பி." வாங்கிக்கொண்டு, முதல் கணினியின் முன் மண்டியிடுகிறான்.