தவிட்டுக் கேக்

"சீனி டப்பாவ எங்கட்டி ஒளிச்சு வச்சிருக்க?" என்று எப்சிபா அடுக்களை அலமாரியை ஒரு தட்டு விடாமல் குடைந்தாள்.

"வீட்டுல சீனி இல்ல, மைனி," என்றாள் தங்கபாய், கோதுமை மாவைச் சலித்துக்கொண்டே.

விடிந்தால் கிறிஸ்துமஸ். இந்த வருசமும் அவள் கேக்கில் சீனி கிடையாது, வெண்ணெய் கிடையாது, முட்டையில் மஞ்சள் கரு கூடக் கிடையாது. பேரீச்சம்பழத்தையும் கனிந்த வாழைப்பழத்தையும் பிசைந்து போட்டால் அதுதான் இனிப்பு.

அவள் புருசன் ஏசுவடியான், சாலைக் கடைத்தெருவில் ஒரு பேக்கரியின் போர்மா அடுப்பு முன்னால் நின்று காலமெல்லாம் கேக் சுட்டவர். டிசம்பர் வந்தால் திருவனந்தபுரத்தில் பாதிப் பேர் வாயில் இனிப்பு வைத்த மனுசனுக்குச் சர்க்கரை வியாதி வந்து வாயைக் கட்டிப்போட்டது. அன்றிலிருந்து தங்கபாய்தான் காவல். நல்ல நாள் பெரிய நாளிலாவது ஒரு தடவை இளகியிருப்பாளா? ம்ஹூம். அவர் கெஞ்சுவார், இவள் மாட்டேன் என்பாள், இரண்டு பேருக்கும் அது பழகிப் போயிருந்தது.

வயிற்றுவலி என்று போய் ஆஸ்பத்திரியில் படுத்தவர், போன வாரம்தான் கரமனை வீட்டுக்குத் திரும்பியிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். எப்போதும் "வாயைக் கட்டு" என்று வைது அனுப்புகிற டாக்டர், இந்தத் தடவை தோளைத் தட்டி அனுப்பினார்.

"அந்த ஆளு ஏன் என்னை வையல?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

"கிறிஸ்மஸ் வருதுல்லா," என்றாள் தங்கபாய்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவள் தகவல் சொன்னதும், ஏசுவடியானின் அக்கா எப்சிபா மார்த்தாண்டத்தில் பஸ் ஏறிவிட்டாள். வெறுங்கையோடா வருவாள்? நெய்யும் முந்திரியுமாக ஒரு பிளம் கேக். தங்கபாய் அதை வாங்கின கையோடு பக்கத்து வீட்டு சுஜாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். அக்காக்காரிக்குச் சுருக்கென்றது.

கேக் வெந்ததும், எப்சிபாவும் கூட வர, தங்கபாய் ஒரு துண்டு அறுத்து முன்னறைக்குக் கொண்டுபோனாள். கட்டிலில் சாய்ந்திருந்த ஏசுவடியான் தட்டைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

"எட்டி, சுஜா வீட்டுல அக்கா கேக்கு மிச்சம் இருக்கும். ஒரு துண்டு வாங்கிட்டு வா. தின்னா செத்தா பெய்ருவேன்?"

"மொதல்ல இதத் தின்னுங்க. அடுத்த கிறிஸ்மசுக்குள்ள சுகரு கொறையட்டும், பாப்போம்."

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"கேட்டியா அக்கா? அடுத்த வருசமும் எனக்கு இந்தத் தவிட்டுக் கேக்குதானாம். போர்மாவுல இப்படி ஒண்ணு வெந்து வந்தா மாட்டுக்குப் போட்டிருப்பேன்."

திட்டிக்கொண்டே முழுத் துண்டையும் தின்றார். தண்ணீர் குடித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் பகலில் நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்.

எப்சிபாவுக்குப் பொறுக்கவில்லை. தங்கபாயின் பின்னாலேயே அடுக்களைக்குள் நுழைந்தாள்.

"ஒனக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதாட்டி? எலும்பும் தோலுமா கெடக்கான். அவனுக்குத் தெரியாம ரெண்டு கரண்டி சீனி போட்டா ஒனக்கு என்ன கொறஞ்சு போவும்?"

"அவருக்குத் தெரியாமயா? வாயில வச்சதும் எத்தன கரண்டின்னு சொல்லிருவாரு."

"சொல்லட்டுமே. கூடப் பொறந்தவ நான் இப்படித் துடிக்கேன். கட்டினவ ஒன் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. கல்லுகூட இதவிட மேலு."

தங்கபாய் கேக் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மைனி பேசியது உறைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை, பசியும் தெரியவில்லை. மனசு மரத்துப் போய்க் கிடந்தது. கை மட்டும் வேலை செய்தது.

"நாளைக்குக் காலம்பற நானே கடையில போயி வாங்கி, என் கையால அவனுக்கு ஊட்டப்போறேன். நீ என்ன செய்வன்னு பாக்கேன்," என்றாள் எப்சிபா.

தங்கபாயின் கை நின்றது. குழாயை மூடினாள். முன்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். கதவைச் சாத்திவிட்டு எப்சிபாவின் காதருகே வந்து சொன்னாள்:

"இனி ஆசப்பட்டதெல்லாம் குடுங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு, மைனி. குடுத்தா அவருக்குத் தெரிஞ்சிரும்."