ஒண்ணு குறையுது

"உங்க அம்மா மறுபடியும் எதையோ மறைச்சுட்டாங்க!"

கறியை ஒரு வாய் வைத்ததுமே தட்டைத் தள்ளினான் சாப்பாட்டு ராமன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வாரப் பத்திரிகையில் ஹோட்டல் பக்கம் எழுத ஆரம்பித்த பிறகு எல்லோரும் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவனுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அன்று ஞாயிறு. வீட்டுச் சாப்பாடு.

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள் மனைவி.

"நல்லா இருக்கு. யாரு இல்லன்னா? ஆனா உங்க அம்மா வீட்டுக்குப் போனப்ப அவங்க கையால சாப்பிட்டேனே, அதுல லேசா ஒரு கசப்பு, ஒரு வாசம்... அது இதுல எங்க? ஒண்ணு குறையுது. பெத்த பொண்ணுகிட்டயே இவ்வளவு கஞ்சத்தனமா? அநியாயம்!"

சும்மா சொல்லக் கூடாது, மாமியார் சமையலில் மகா கெட்டிக்காரி. பூசணிக்காய் சூப்பில் ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போடுவார். மீனை டிகாஷனில், அதுவும் டீ டிகாஷனில் ஊற வைத்துச் சுடுவார். கேட்டால் முகத்தைச் சுளிப்போம். சாப்பிட்டால் தட்டை வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

ஆனால் பக்குவம் கேட்டால் மட்டும் மனுஷி ஏதாவது ஒன்றை முழுங்கிவிடுவார். மகள் செய்து பார்த்து, "வரலையேம்மா" என்று போன் பண்ணி, மணிக்கணக்காகப் பேசி, கடைசியில்தான் அந்த ரகசியம் வெளியே வரும். ஒவ்வொரு தடவையும் இதே கூத்து.

"ஊருக்கெல்லாம் டிப்ஸ் குடுக்கறவன் நான். புது ஹோட்டலுக்குப் போனா மெனு கார்டைப் பாக்காதீங்க, பக்கத்து மேசையைப் பாருங்கன்னு எழுதினேன். இன்னிக்கும் அதை ஆளாளுக்குச் சொல்லிட்டுத் திரியறாங்க. எந்தச் சமையல்காரராவது என்கிட்ட மறைச்சிருக்காரா? உங்க அம்மா என்னடான்னா..."

"சரி விடுங்க. நாளைக்குப் போன்ல கேட்டுக்கறேன்."

"கேக்கவே வேண்டாம். நானே கண்டுபிடிக்கறேன்!"

சமையலறைக்குள் புகுந்தான். டப்பா டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தான். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கறியைப் போட்டு வினிகரை விட்டுப் பார்த்தான். சேச்சே! கோகோ பவுடரைப் போட்டுப் பார்த்தான். கிட்டத்தட்ட வந்தது, ஆனால் அது இல்லை. அப்புறம் ஓர் உயரமான டப்பா கண்ணில் பட்டது.

ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி வாயில் வைத்தவன் துள்ளிக் குதித்தான்.

"அடி சக்கை! காப்பித்தூள்!"

கையைக் கூடத் துடைக்காமல் போனை எடுத்தான். "இப்பவே சொல்லிடறேன். 'அத்தை, உங்க குட்டு வெளிப்பட்டுடுச்சு. இனிமே உங்க பொண்ணு எதுக்கும் உங்களைக் கூப்பிட வேண்டியதில்ல, எல்லாத்துக்கும் என் நாக்கு இருக்கு'ன்னு!"

மனைவி ஓடி வந்து போனைப் பிடுங்கினாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சொல்லிடாதீங்க!"

"ஏன்?"

"அது காப்பித்தூள்னு எனக்கு எப்பவோ தெரியும். சின்ன வயசுல அம்மா அதைப் போடறப்ப பக்கத்துலதான் நிப்பேன்."

"அப்புறம் எதுக்குப் போடாம செஞ்ச?"

"அப்பா போனதுக்கப்புறம் அம்மா அந்த வீட்ல ஒத்தையா கிடக்கறாங்க. சும்மா கூப்பிட்டா, 'எனக்கென்ன, உன் வேலையப் பாரு'ன்னு வெச்சுடுவாங்க. 'வரலையேம்மா, எதை விட்டுட்டேன்'னு கேட்டாப் போதும், குரலே மாறிடும். கறியில ஆரம்பிச்சு முழங்கால் வலி வரைக்கும் கொட்டித் தீர்த்துடுவாங்க. நான் கூப்பிடணும்னுதான் ஒண்ண மறைக்கறாங்க. மறைச்சுட்டுப் போகட்டுமே!"

கஞ்சத்தனம் என்று வாய்க்கு வந்தபடி பேசியது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

"நான் ஒரு மடையன். போனைக் குடு, நானே கேக்கறேன்."

"நீங்களா? உங்க நாக்கோட கௌரவம் என்ன ஆகறது?"

"போகட்டும். தோத்துட்டேன்னு சொல்றேன். உங்க அம்மா சந்தோஷப்படட்டும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். காயப் போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனாள்.

"அத்தை, நான்தான். கறியில எதையோ சொல்லாம விட்டுட்டீங்க. என் நாக்காலயே கண்டுபிடிக்க முடியல. தோத்துட்டேன் அத்தை!"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"உங்க நாக்குக்கா தெரியாது? கதை விடாதீங்க மாப்பிள்ளை. அவ பக்கத்துல இருக்காளா?"

"இல்ல, மாடிக்குப் போயிருக்கா."

மாமியார் குரலைத் தாழ்த்தினார்.

"காப்பித்தூள்னு அவளுக்கு நல்லாவே தெரியும். சின்ன வயசுல சூப்புக்கு ஆரஞ்சுத் தோலைத் துருவிக் குடுத்ததே அவதான். தெரியாத மாதிரி கேப்பா, நானும் நம்பின மாதிரி சொல்லுவேன். நீங்க காட்டிக்காதீங்க."

அவனுக்குத் தலை சுற்றியது. "அப்புறம் எதுக்கு அத்தை இந்த நாடகம்? உங்களுக்குப் பேச்சுத் துணை வேணும்னா நேரா சொல்லலாமே?"

"எனக்கென்ன குறை மாப்பிள்ளை? இந்தத் தெருவே என் வீட்லதான் காப்பி குடிக்குது. நீங்கதான் ஹோட்டல் ஹோட்டலா சாப்பிடப் போயிடறீங்க. சாயங்காலம் ஆனா என் பொண்ணு பேச ஆள் இல்லாம தனியாத்தானே உக்காந்திருக்கா?"